நிஜமாகவே காய்ச்சல் வந்தவர் செய்யும் தவறுகள்

அம்மை இறங்கி வேலைக்கு வந்த அன்று அந்தத் தம்பி என் மேஜை முன்னால் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் கருத்த தழும்புகள். பதினோரு நாள் வரவில்லை. தனியார் நிறுவனம் ஒன்றில் வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் பார்க்கிற வேலை என்னுடையது. வழக்கம்போல மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டேன்.

"இல்ல சார். அம்மை போட்டா எங்க வீட்ல டாக்டர்கிட்ட போக விட மாட்டாங்க. வேப்பிலை கட்டி, மூணு தண்ணி ஊத்தினப்புறம்தான் வாசப்படியே தாண்ட விட்டாங்க."

முகமே சர்டிபிகேட்தான். ஆனால் முகத்தை ஃபைலில் கோக்க முடியாதே. சிக் லீவு மூன்று நாளைத் தாண்டினால் சான்று வேண்டும் என்பது எங்கள் நிறுவன விதி. கேஷுவல் லீவில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்ததுபோக, ஆறு நாள் சம்பளம் வெட்டு. அதே மாதம் இன்னொருவர் 'வைரல் காய்ச்சல்' என்று நான்கு நாளுக்குச் சான்று கொண்டுவந்தார். சீல், பதிவு எண், தேதி எல்லாம் கச்சிதம். மணிக்கட்டில் ஊர்த் திருவிழாவில் கட்டிய காப்புக் கயிறு. அவருக்கு முழுச் சம்பளம்.

பொய் சொல்லி லீவு போடுகிறவர் பயத்திலேயே காகிதத்தைச் சரியாக வைத்திருப்பார். நிஜமாகவே படுத்தவர்தான் 'உண்மையைத்தானே சொல்கிறோம், யார் என்ன கேட்கப் போகிறார்கள்' என்று அசட்டையாக இருந்து மாட்டிக்கொள்கிறார். இதை நான் எழுதுவது அந்த இரண்டாமவருக்காக.

அம்மை விஷயத்தையே முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டாம் நாளே பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டி ஒரு சீட்டு வாங்கியிருந்தால் மாரியம்மன் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள். வயது வந்தவர்களுக்கு வரும் அம்மை சில நேரம் நுரையீரல் வரை போகும். டாக்டரைப் பார்ப்பது உடம்புக்கும் நல்லது, ஃபைலுக்கும் நல்லது. குணமான பிறகு போய் 'பத்து நாள் முன்தேதி போட்டுக் கொடுங்க டாக்டர்' என்று நிற்பதில் பயனில்லை. நேர்மையான டாக்டர் தான் பார்த்த தேதியைத்தான் போடுவார். முன்தேதி போட்டுத் தருகிறவரின் சீட்டு, விசாரணை என்று வரும்போது உங்களைக் காப்பாற்றாது.

லீவு சொல்வது

காலை ஒன்பது மணி ஷிஃப்டுக்கு ஒன்பதே காலுக்கு ஒரு வாய்ஸ் நோட் வரும். இருமல் ஏழெட்டு விநாடி, பிறகு ஈனக் குரலில் "சார்... முடியல சார்." நிஜமாகவே முடியாமல்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த வாய்ஸ் நோட்டில் எத்தனை நாள் என்பது இல்லை, டாக்டரைப் பார்த்தாரா என்பது இல்லை, அன்றைக்கு அவர் முடிக்க வேண்டிய வேலை யாரிடம் இருக்கிறது என்பதும் இல்லை. மேலதிகாரிக்குக் கோபம் வருவது பெரும்பாலும் லீவுக்காக அல்ல, இந்த மூன்றும் தெரியாததற்காக.

எழுத்தில் அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்: "சார், நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்னிக்கு வர முடியாது. பத்து மணிக்கு டாக்டரைப் பார்த்துட்டு எத்தனை நாள்னு சொல்றேன். அனுப்ப வேண்டிய பில் எல்லாம் 'ஜூலை' ஃபோல்டர்ல இருக்கு." அவ்வளவுதான். கெஞ்ச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்ற கணக்கு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் 'எனக்கு ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிப் பழகிய கை நமக்கு. நாற்பது வயதிலும் அந்தத் தாழ்மை போகமாட்டேன் என்கிறது.

இன்னொன்று: டீம் குரூப்பில் போட்டால் லீவு சொன்னதாக ஆகாது. குரூப்பில் இருபது பேர் 'டேக் கேர்' போடுவார்கள். சம்பளப் பட்டியல் போடுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அது வந்து சேராது. சிஸ்டத்தில் விண்ணப்பம் போட வேண்டிய இடத்தில் போடுங்கள், அல்லது மேலதிகாரிக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரு மெயில். உடம்புக்கு என்ன என்பதை குரூப்பில் விரிக்கவும் வேண்டியதில்லை. குறிப்பாக மனநலச் சிகிச்சை, மூலம், பெண்களுக்கான பிரச்சினைகள். 'மருத்துவ ஓய்வு' என்ற இரண்டு சொல் போதும், விவரம் சான்றில் இருக்கும்.

எந்த லீவு?

தமிழ்நாட்டில் கடை, தனியார் அலுவலகம் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 25ஆவது பிரிவு மூன்று வகை விடுப்பைத் தனித்தனியாகச் சொல்கிறது. ஒரு வருடம் வேலை பார்த்த பின் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. நோய் அல்லது விபத்துக்கு 12 நாள். வேறு நியாயமான காரணங்களுக்கு 12 நாள். நோய்க்கான பன்னிரண்டு முதல் வருடத்திலேயே உண்டு. 'ப்ரொபேஷன்ல சிக் லீவு கிடையாது' என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் செய்கிற தவறு, காய்ச்சலுக்கு கேஷுவல் லீவைப் போட்டுத் தீர்ப்பது. சான்று வாங்கச் சோம்பல். ஜனவரியில் சளிக்கு மூன்று, மார்ச்சில் வயிற்றுவலிக்கு இரண்டு என்று சி.எல். கரைந்துபோகும். அக்டோபரில் பிள்ளைக்கு முடியவில்லை என்று நிற்கும்போது சி.எல். பூஜ்யம், சிக் லீவு பன்னிரண்டும் தொடாமல் கிடக்கும்.

சான்றில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மருந்துச் சீட்டு வேறு, மருத்துவச் சான்று வேறு. குரோசின் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு 'சர்டிபிகேட் கொடுத்தேனே' என்பவர்கள் மாதத்துக்கு இருவராவது வருகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, பார்த்த தேதி. டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகளின்படி, தான் கொடுத்த சான்றுகளுக்கு அவர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், நகலும் வைத்திருக்க வேண்டும், நோயாளியின் அங்க அடையாளத்தையும் குறிக்க வேண்டும். ஆகவே ஜெராக்ஸ் கடையில் தேதி திருத்துகிற தம்பிகளே, நிறுவனம் ஒரு போன் போட்டால் முடிந்தது கதை. ஒருமுறை எனக்கு 'பிப்ரவரி 30 வரை ஓய்வு' என்று ஒரு சான்று வந்தது.

சான்றில் ஐந்து நாள் ஓய்வு இருக்க, மூன்றாம் நாளே 'பரவாயில்லை, கொஞ்சம் தேவலாம்' என்று வந்து கார்டு பஞ்ச் செய்யாதீர்கள். உங்கள் கடமையுணர்ச்சி புரிகிறது. ஆனால் ஓய்வு நாளில் வருகை என்று பதிவானால் சான்றே சந்தேகத்துக்குரியதாகிவிடும். முன்னதாக வர வேண்டுமென்றால் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இஎஸ்ஐ என்ற தெரியாத பணம்

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். 18,000 வாங்குகிறவருக்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம். பணம் கட்டுகிறோமே, என்ன கிடைக்கும் என்று கேட்டால் 'இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில மாத்திரை தருவாங்க' என்பதோடு பலருக்கு முடிந்துவிடுகிறது.

நோயில் படுத்தால் சம்பளத்துக்குப் பதிலாகப் பணமும் தருவார்கள். சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைஃபாய்டில் பத்து நாள். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மீதி எட்டு நாளுக்கு நாளொன்றுக்கு 420 வீதம் 3,360 ரூபாய். எங்கள் நிறுவனத்திலேயே இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். காச நோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் என்றால் 80 சதவீத வீதத்தில் இரண்டு வருடம் வரைகூட நீளும். அதற்கு இரண்டு வருடப் பணி உள்ளிட்ட நிபந்தனைகள் தனி.

நிபந்தனை இல்லாமல் இல்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அதனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தப் பணம் உடனே கிடைக்காது, மருத்துவம் கிடைக்கும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டு அந்தச் சான்றோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போவது. இஎஸ்ஐ மருந்தக டாக்டர் கொடுக்கும் சான்றுதான் அங்கே நேர்வழி. நோய் நீண்டால் இடையிடையே போய் அடுத்த சான்றும், முடிவில் இறுதிச் சான்றும் வாங்க வேண்டும். வரிசையில் நிற்க அலுத்துக்கொண்டு ஒரு வாரத்தைத் தவறவிட்டால் அந்த வாரப் பணம் தொங்கும்.

இரண்டாவது தவறு நம் ஊருக்கே உரியது. காய்ச்சல் வந்ததும் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பஸ் ஏறிவிடுவோம். அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிட்டால் பாதி காய்ச்சல் போய்விடும், உண்மைதான். ஆனால் இஎஸ்ஐ பணம் வாங்குகிறவர் சிகிச்சை தரப்படும் பகுதியை விட்டு மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஊருக்குப் போகத்தான் வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, குணமாகி வேலைக்கு வந்து பத்து நாளில் மறுபடி படுத்தால் 'இரண்டு நாளைக்கு எப்படியும் கிடையாதே' என்று பேசாமல் இருந்துவிடுவது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் திரும்ப வந்தால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது.

லீவே அல்லாத லீவு

மெஷினில் விரல் நசுங்கிவிட்டது. சூப்பர்வைசர் ஆட்டோ பிடித்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார், பில்லைக் கட்டுகிறார், "ஒரு வாரம் சிக் லீவு போட்டுக்கோப்பா, இஎஸ்ஐக்கெல்லாம் போனா ரிப்போர்ட், இன்ஸ்பெக்‌ஷன்னு இழுக்கும்" என்கிறார். பில் கட்டிய நன்றிக்கடனில் தொழிலாளியும் சரி என்கிறார். நான் பார்த்ததிலேயே அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இது. வேலையில் பட்ட காயத்துக்கு இஎஸ்ஐ தருவது 70 அல்ல, 90 சதவீதம். 78 நாள் நிபந்தனை இல்லை, வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு. விரல் நிரந்தரமாகப் போயிருந்தால் ஆயுளுக்கும் பென்ஷன் மாதிரி ஒரு தொகை வரும். எல்லாவற்றுக்கும் அடிப்படை, விபத்துப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதப்படும் அந்த ஒரு வரி. சிக் லீவு என்று எழுதிவிட்டால் விபத்தே நடக்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டதுபோல. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கிற விபத்துக்கும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், 2010 திருத்தத்திலிருந்து இது பொருந்தும்.

கருச்சிதைவுக்கும் இதே கதை. யாரிடமும் சொல்லப் பிடிக்காமல் 'வயிற்றுவலி' என்று நாலு நாள் சிக் லீவில் முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அதற்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மருத்துவச் சான்றை ஹெச்.ஆரில் ஒருவரிடம் நேரே கொடுத்தால் போதும், மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நீண்டுபோனால்

மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதம் படுத்த ஒருவருக்கு போன் வந்தது: "இப்போதைக்கு ரிசைன் பண்ணிடுங்க, குணமானதும் திரும்பச் சேர்த்துக்கறோம்." அவரும் படுக்கையிலிருந்தே இரண்டு வரி மெயில் அனுப்பிவிட்டார். திரும்பச் சேர்க்கவில்லை. கேட்டபோது, நீங்களாகத்தானே விலகினீர்கள் என்றார்கள். அந்த மெயிலுக்கு எதிராக அவரிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை.

விலகல் கடிதத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள். இஎஸ்ஐ நோய்ப்பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. பல நிறுவனங்களின் நிலையாணையில், அதாவது வேலை விதிகளின் தொகுப்பில், 'விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் வராவிட்டால் வேலை போய்விடும்' என்று ஒரு வரி இருக்கும், அதைக் காட்டி மிரட்டுவார்கள். அப்படி விசாரணை இல்லாமல் தானாக வேலை போனதாகக் கொள்வது செல்லாது என்று டி.கே.யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனால் விசாரணை வைத்தால் நீங்கள் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். விடுப்பு முடிவதற்கு முன்பே, நீட்டிப்பு கேட்டு, சான்றை இணைத்து, மெயில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் ஒன்று. போஸ்ட் ஆபீஸில் தரும் அந்தச் சின்ன ரசீது வெயிலில் எழுத்து மங்கிவிடும், வாங்கிய உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.