மனநல வேலைக்கு நர்சிங்கா, டாக்டர் படிப்பா? சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் மாடிப்படியில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் மனநல வார்டில் நர்ஸ் என்பது தெருவுக்கே தெரியும். இந்த வருடம் பின்வீட்டுப் பெண், அம்மாவோடு வந்தாள். “அக்கா, மனநலத்துல வேலை பார்க்கணும். நீட்டுக்கு இன்னொரு வருஷம் உட்காரவா, நர்சிங் சேர்ந்துடவா?” அவள் வாயை மூடுவதற்குள் அம்மா சொன்னார்: “டாக்டர் கிடைச்சா டாக்டர், இல்லன்னா நர்சிங்.”

முதல் சறுக்கல் இங்கேதான். இரண்டையும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்ப்படி என்று நினைக்கிறோம். இவை இரண்டு வெவ்வேறு வேலைகள். நோய் இன்னது என்று முடிவு செய்வதும், மருந்து எழுதுவதும், அதை மாற்றுவதும் மனநல மருத்துவரின் பொறுப்பு. நம் நாட்டில் ஒரு நர்ஸ் அதைத் தானாகச் செய்ய முடியாது. ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு படுக்கைக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். ஷிப்ட் முழுக்க அதே வார்டில் இருப்பது நர்ஸ்.

அந்த நேரத்தில் என்ன செய்வோம் என்று அவளுக்குச் சொன்னேன். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. தண்ணீர் குடித்த பிறகு, “அண்ணா, ஆ காட்டுங்க, நாக்கைத் தூக்குங்க.” நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, பாத்ரூமில் துப்பிவிடுகிறவர்கள் உண்டு. மனநிலையின் ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து எடுக்கும் ஒருவர் நேற்று வரை டீ டம்ளரை நேராகப் பிடித்தார், இன்று சட்டையெல்லாம் டீ. நடை தள்ளாடுகிறது, காலையில் இரண்டு தடவை வாந்தி. யாரும் சொல்லாமலே இதைக் கவனித்து, அடுத்த டோஸ் கொடுக்கும் முன் டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருக்கலாம், அது ஆபத்து. கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதவும் வேண்டும். இந்த மாதிரி வேலை பிடிக்குமா, இல்லை ஏன் இப்படி ஆனது, எந்த மருந்து ஏன் என்று துருவத்தான் பிடிக்குமா? மார்க் ஷீட்டைப் பார்க்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது வருடக் கணக்கு. எம்.பி.பி.எஸ். முடித்தால் மனநல மருத்துவர் ஆகிவிடலாம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வருடத்தோடு அது ஐந்தரை வருடம். அந்த ஒரு வருடத்தில் மனநலப் பிரிவுக்குக் கிடைப்பது இரண்டு வாரம். அப்புறம் முதுநிலை நீட் எழுதி, இடம் கிடைத்து, எம்.டி. மூன்று வருடம். ஒரு தடவையும் தவறாமல் போனாலே 27 வயதை ஒட்டிவிடும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். 22 வயதில் சம்பளம் வரும். ஒரு வருட அனுபவத்துக்குப் பிறகு மனநலத்தைப் பாடமாக எடுத்து எம்.எஸ்சி. நர்சிங், இரண்டு வருடம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் செவிலியர் யார் என்று தனியாகவே வரையறுக்கிறது.

“இப்போ நர்சிங் சேர்ந்து, அப்புறம் அப்படியே டாக்டருக்கு மாறிக்கலாம்” என்பது டியூஷன் சென்டர் வாசலில் கிளம்புகிற கதை. அப்படி ஒரு பக்கவாட்டு வழி கிடையாது. நர்சிங் முடித்தவரும் நீட் எழுதி முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பணத்திலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. டாக்டர் படிப்பு நமக்குக் கட்டுப்படியாகாது என்று நீட்டே எழுதாமல் விடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகளைப் பார்த்து எனக்கு எரிச்சலே வருகிறது. அதற்காக மூன்றாவது, நான்காவது வருடமும் நீட்டுக்கு உட்காரச் சொல்லவில்லை. ஒரு தடவை திரும்ப எழுதலாம். அதற்கு மேல் வீட்டின் பொறுமையும் பிள்ளையின் தூக்கமும்தான் கரைகிறது. என் கருத்து இது, கோச்சிங் சென்டர்காரர்கள் வேறு சொல்வார்கள்.

நர்சிங் என்று முடிவானால், அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். போஸ்டரில் ‘நர்சிங்’ என்று போட்டிருப்பதெல்லாம் நர்சிங் ஆகிவிடாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கான தேர்வு எழுத முடியாது.

பேச்சு மூலம் சிகிச்சை கொடுக்கத்தான் ஆசை என்றால், இரண்டுமே உங்கள் வாசல் இல்லாமலும் இருக்கலாம். உளவியல், மனநல சமூகப்பணி என்று தனிப் படிப்புகள் இருக்கின்றன. இந்தத் தப்பை நானே செய்தேன். நாள் முழுக்க நோயாளிகளோடு உட்கார்ந்து பேசப்போகிறோம் என்று நினைத்து வந்தேன். முதல் வாரம் செய்தது நகம் வெட்டியது, குளிக்க வைத்தது, பேன் மருந்து போட்டது. பேச்சு அதற்கு நடுவில்தான் வந்தது, பெரும்பாலும் நகம் வெட்டும்போது.

ஊர்ப் பேச்சுக்குப் பயந்து விலகுகிறவர்களும் உண்டு. வடசென்னையில் யாரையாவது கிண்டல் செய்ய ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரு சொல் போதும். அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. நர்சிங் மாணவிகளும் எம்.டி. மாணவர்களும் பயிற்சி எடுக்கும் இடம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் அத்தை சொந்தக்காரர்களிடம் “ஜெனரல் வார்டு” என்றே சொல்லி வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நர்சுன்னா நைட் டியூட்டி இருக்குமேம்மா?”

“டாக்டருக்கும் இருக்கும்க்கா,” என்றேன். “எம்.டி. படிக்கிற பிள்ளைங்க நைட் முடிச்சிட்டு அப்படியே காலை ஓ.பி.க்கும் போவாங்க.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நகம் வெட்டும்போது என்னக்கா பேசுவாங்க?” என்று கேட்டாள்.