லாரியில் சாமான் ஏற்றுமுன்: வேலைக்காக ஊர் மாறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற டிசம்பரில் பெங்களூரில் எங்கள் குழுவில் சேர்ந்த திருச்சி இளைஞர் ஒருவர், சேர்ந்த மூன்றாம் நாளே அரை நாள் விடுப்புக் கேட்டு என் மேசை முன் வந்து நின்றார். கட்டில், பீரோ, கிரைண்டர், இரண்டு மூட்டை பொன்னி அரிசி எல்லாம் ஏற்றிய லாரி வாசலுக்கு வந்துவிட்டதாகவும், அட்வான்ஸில் பாக்கி நாற்பதாயிரத்தைக் கொடுத்தால்தான் சாவி என்று வீட்டுக்காரர் சொல்வதாகவும் கூறினார். விடுப்புக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் அவருடைய மனைவியின் வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்; வேலையை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். “இங்க வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டோம் சார்” என்றார். 2015-இல் நான் சொன்னதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான்.

நான் பம்ப் வடிவமைப்பில் இருக்கும் பொறியாளர். வேலைக்காக மூன்று முறை ஊர் மாறியிருக்கிறேன்: 2015-இல் கோவையிலிருந்து பெங்களூருக்கு, 2019-இல் சென்னைக்கு, 2022-இல் மறுபடியும் பெங்களூருக்கு. நியமனக் கடிதம் வருமுன் ராஜினாமா செய்யாதீர்கள், பெருநகரத்தில் வாடகை அதிகம் என்பவை போன்ற எச்சரிக்கைகளை வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். படித்தவர்களும், கணக்குத் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சி.டி.சி.யைப் பன்னிரண்டால் வகுப்பது

சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஆண்டுக்கு 12 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனம் உடனே வகுத்துவிடுகிறது. அந்தத் தொகைக்குள் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் (பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம்), பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்கும் 4.81 சதவீதமும், காப்பீட்டுப் பிரீமியமும், கிடைத்தால் உண்டு என்னும் ஊக்கத்தொகையும் அடங்கியிருக்கலாம். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் என்ன விழும் என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவல்ல. வாடகை கூடினாலும் வீட்டு வாடகைப் படியைக் காட்டி வரியில் மீட்டுக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்கள், புதிய வரி முறையில் அந்த விலக்கு கிடையாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒருவர் சம்பளத்தில் குடும்பக் கணக்கைப் போடுவது

பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னை எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். என் கணக்கைக் கூச்சப்படாமல் இங்கே வைக்கிறேன்.

2015-இல் கோவையில் என் கைக்கு வந்தது 41,000 ரூபாய். பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையில் கிடைத்த வேலையில் 63,000. மாதம் 22,000 கூடுதல் என்றதும் ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். வாடகை 8,500-இலிருந்து 17,000 ஆகும், ஊருக்கு வந்துபோக மாதம் 4,000 ஆகும் என்று கழித்து, 9,500 மிச்சம் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அந்த உறையில் என் மனைவியின் சம்பளமான 16,500 ரூபாய்க்கு ஒரு வரிகூட இல்லை. அவர் பீளமேட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியனாக இருந்தார். “அங்க போனா ஏதாவது கிடைக்காமலா போயிடும்?” என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை; அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிடைக்க ஒன்பது மாதம் ஆயிற்று. அந்த ஒன்பது மாதமும் கோவை நிலையோடு ஒப்பிட்டால் மாதத்துக்கு 7,000 ரூபாய் பின்னால் நின்றோம். மொத்தம் 63,000, அதாவது நான் பெருமையோடு சொல்லிக்கொண்ட புதிய சம்பளத்தில் சரியாக ஒரு மாதம். பத்து மாத வாடகையான 1,70,000 ரூபாய் அட்வான்ஸுக்கு வைத்த நகைக்கடன் வட்டி இதில் சேரவில்லை. பிறகு அவருக்கு 15,000-இல் ஒரு வேலை அமைந்தது. ஆனால் கோவையில் எங்கள் மூன்று வயது மகளை இரண்டு தெரு தள்ளியிருந்த என் மாமியார் பார்த்துக்கொண்டார். இங்கே குழந்தைக் காப்பகத்துக்கு 6,500, ஆட்டோவுக்கு 1,500 போக அவர் சம்பளத்தில் மிஞ்சியது 7,000. அந்த ஏழாயிரத்தை என் 9,500-உடன் கூட்டினால் வருவது 16,500, அதாவது கோவையில் அவர் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த தொகை. முன்னூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஒரு ரூபாய்கூட முன்னேறாமல், பழைய இடத்திலேயே வந்து நின்றிருந்தோம்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அதை அவர் சகோதரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி செய்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்ற கணக்கில், விலகும்போது கிடைக்கும். என் மனைவிக்கு ஐந்து ஆண்டு நிறைய ஏழு மாதம் பாக்கியிருந்தது. அவருடைய அடிப்படைச் சம்பளம் 9,000. ஏறக்குறைய 26,000 ரூபாயை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார். என் புதிய நிறுவனத்தில் சேரும் நாளைச் சற்றுத் தள்ளிக் கேட்டிருக்கலாம், அல்லது நான் முன்னால் வந்து அவர் பின்னால் வந்திருக்கலாம். எதையும் நாங்கள் பேசவே இல்லை, ஏனென்றால் அந்த வேலை என் கண்ணில் ஒரு கணக்குத் தலைப்பாகவே படவில்லை.

வேலை “கிடைக்கும்” என்பது தொழிலைப் பொறுத்தது. தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிந்த ஒருவர் கர்நாடகத்தில் பணிபுரிய அந்த மாநிலக் கவுன்சிலின் பதிவைப் பெற வேண்டும். சான்றிதழ்கள் இரண்டு அலுவலகங்களுக்கிடையே போய்வர வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தமிழ்நாடு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவருக்கு அந்தத் தேர்ச்சி மாநில எல்லையைத் தாண்டி அரசுப் பள்ளி வேலைக்குப் பொதுவாக உதவாது. ஒரு மாநில பார் கவுன்சிலின் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞர் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், அவரைத் தேடி வந்த கட்சிக்காரர்கள் பெயரோடு சேர்ந்து மாறி வருவதில்லை. வீட்டில் டியூஷன் எடுப்பவர், ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர், இட்லி மாவு விற்பவர் ஆகியோரின் வருமானத்தைப் பலர் வருமானம் என்றே எண்ணுவதில்லை. தெருவில் பத்து ஆண்டு இருந்து சேர்த்த அந்த வாடிக்கை, லாரியில் ஏற்ற முடியாத சொத்து.

ஆகவே அந்தக் கணக்கை நீங்கள் தனியாகப் போடாதீர்கள்; இருவருமாக உட்கார்ந்து, அவரவர் வரியை அவரவரே எழுதுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும், அவசரத்துக்கு மருத்துவமனை அழைத்துப்போகும் மைத்துனருக்கும், புதிய ஊரில் அதற்கு ஆகும் கூலியை எழுதுங்கள். துணைவருக்கு ஆறு மாதம் வருமானம் இல்லை என்று வைத்து ஒரு முறையும், ஒரு வருடம் இல்லை என்று வைத்து ஒரு முறையும் கூட்டிப் பாருங்கள். நியமனத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவரும் அந்த ஊரில் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கட்டும். இரண்டு நேர்காணலுக்காவது அழைப்பு வருகிறதா என்பது நண்பர்களின் ஆறுதலைவிட நம்பகமான செய்தி. 2022-இல் திரும்பி வந்தபோது முதல் வரியை என் மனைவிதான் எழுதினார்; அவருக்கு இங்கே வேலை உறுதியான பிறகே நான் கையெழுத்திட்டேன். அந்த முறை நிறுவனத்திடம் நான் கேட்டது கூடுதல் சம்பளம் அல்ல, எட்டு வார அவகாசம். ஒரே மின்னஞ்சலில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்ப்பது

ஞாயிறு காலை பத்து மணிக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்த சாலை, செவ்வாய் காலை எட்டரை மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. பெங்களூரின் வெளிவட்டச் சாலையிலோ சில்க் போர்டு சந்திப்பிலோ ஒரு வார நாளில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்ரோ வந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வதும் போதாது: ஊதாத் தடம் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டுவரை முழுமையாக ஓடுகிறது, மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திராவுக்கு வந்தது, உங்கள் அலுவலகம் இவற்றில் எதன் மேல் இருக்கிறது என்பதே கேள்வி. நியமனக் கடிதத்திலுள்ள முகவரி தலைமை அலுவலகமாக இருந்து, உங்களை ஊரின் மறுகோடியில் ஒரு வாடிக்கையாளர் இடத்துக்கு அனுப்பவும் கூடும். முதல் மாதம் பி.ஜி.யில் தங்கி, எந்தக் கட்டடத்தில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்த பிறகு வீடு தேடுவது சிக்கனம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால், சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூரையும் பார்த்துவிடுங்கள்; தமிழ்நாட்டுப் பள்ளி, தமிழ்நாட்டு வண்டி எண் இரண்டும் அப்படியே இருக்கும்.

அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்று நம்புவது

பெங்களூரில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கூடாது என்கிறது. அந்த “வேறு உடன்பாடு” உங்கள் ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போக்கியத்துக்கு வீடு எடுப்பது

மாத வாடகைக்குப் பதில் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் ஏற்பாடு இது; அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் விடுவது

நான் சென்னைக்குச் சாமானோடு வந்து இறங்கியது 2019 ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு கிடந்த கோடை அது. வீட்டைப் பார்த்தபோது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் காட்டினார்கள். குழாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முதல் வாரம் பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்கு வரிசையில் நின்றுதான் அண்டை வீட்டார் எல்லோரையும் அறிமுகம் செய்துகொண்டேன் என்பது மட்டும் லாபம். 2024-இன் தொடக்கத்தில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோதும், காவேரிக் குழாய் இணைப்பு இல்லாத புறநகர் அடுக்ககங்களே அதிகம் தவித்தன. காவேரித் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா, டேங்கர் என்றால் யார் பணம் கொடுப்பது என்று வீட்டுக்காரரிடம் மட்டுமல்லாமல், வாட்ச்மேனிடமும் கேளுங்கள். அவருக்கு உங்களிடம் வீட்டைத் தள்ளிவிட வேண்டிய அவசியம் இல்லை.

பள்ளி ஆண்டையும் மொழியையும் மறப்பது

கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டமும், தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும் இருக்கின்றன. போகும்போது குழந்தை கன்னடம் தொடங்க வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோர் யோசிக்கிறார்கள். திரும்பி வந்தால் விட்ட தமிழை எங்கிருந்து பிடிப்பது என்பதை யோசிப்பதில்லை. சென்னைக்கு வந்த புதிதில் என் மகள், ஏழு வயதில், தன் பெயரைக் கன்னட எழுத்தில்தான் எழுதினாள். தமிழில் எழுத ஒரு கோடை விடுமுறையும் அவள் பாட்டியின் பிடிவாதமும் தேவைப்பட்டன. சி.பி.எஸ்.இ. மாணவர்கள் ஒன்பதிலும் பதினொன்றிலும் பதிவு செய்யப்படுவதால், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். பிள்ளை ஒன்பதில் இருந்தால் ஒன்று உடனே மாறுங்கள், இல்லையென்றால் பத்து முடியும்வரை பொறுங்கள்.

வண்டி எண்

வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவெண் வேண்டும்; அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆயுள் வரியைப் புதிய மாநிலத்தில் கட்டிவிட்டுப் பழைய மாநிலத்தில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். கிளம்புமுன்பே சான்றுக்கு விண்ணப்பியுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனம் என்றால், புது வண்டிக்கு, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021-இல் வந்த பி.எச். வரிசை எண்ணைக் கேட்கலாம்.

ஜாயினிங் போனஸ்

திருப்பிக் கேட்பார்கள். எத்தனை மாதத்துக்குள் விலகினால் என்பதைப் படித்துவிட்டுச் செலவழியுங்கள்.

தேதி குறிக்காமல் பாதி இடம்பெயர்வது

ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுக் குடும்பம் பின்னால் வருவது நல்ல ஏற்பாடு. நான் மேலே பரிந்துரைத்ததும் அதுதான். ஆனால் எந்த மாதம் வருவது, வராவிட்டால் எந்த மாதம் திரும்புவது என்று முதலிலேயே குறிக்காவிட்டால் அது ஏற்பாடாக இருக்காது, பழக்கமாகிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஆறு மாதம் என்று சொல்லி மதுரையில் குடும்பத்தை விட்டு வந்தவர், இரண்டரை ஆண்டு வெள்ளி இரவு ஆம்னி பஸ்ஸில் ஏறி, திங்கள் காலை ஷேவிங் செய்யாத முகத்தோடு நேராக அலுவலகம் வந்தார். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகச் சுருங்கியதில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்காருவதும் அவர் வேலைகளில் ஒன்றாயிற்று. இரண்டு வாடகை, இரண்டு கேஸ் சிலிண்டர், மாதாமாதம் பஸ் டிக்கெட் எல்லாம் கூட்டினால் அவருக்குக் கிடைத்த சம்பள உயர்வில் பாதிக்கு மேல் அதிலேயே போயிருந்தது. கடைசியில் மகன் ஆறாம் வகுப்புக்குப் போனபோது மதுரைக்கே திரும்பிவிட்டார்.

திருச்சி இளைஞரின் மனைவி, வந்து இறங்கிய மறுவாரமே இங்குள்ள நர்சிங் கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டார். இன்னும் காத்திருக்கிறார்.