பழைய டிராவல் டிரெய்லரில் தண்ணீர் புகுந்தால் செய்யக்கூடாதவை

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருபது, முப்பது ஆண்டு ஓடிய டிராவல் டிரெய்லர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இந்த வீட்டு வண்டிகளில் அடுப்போ டயரோ கெட்டால் மாற்றிவிடலாம். வண்டியையே ஒன்றுமில்லாமல் ஆக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதிலும் பாதிச் சேதம், ஒழுகலைக் கண்ட பதற்றத்தில் செய்யும் அரைகுறை வேலையால் வருகிறது.

முதல் தவறு, கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்று நம்புவது. இந்த வண்டிகள் பலவற்றில் வெளியே நெளி அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் ஒல்லியான மரச்சட்டம். கூரை மூலையில் புகுந்த நீர் சட்டத்தின் வழியே ஓடி, பல அடி தள்ளிக் கட்டிலுக்கு அடியில் தலைகாட்டும். ஆகவே கறையிலிருந்து மேலே தேடிக்கொண்டு போகவேண்டும்: ஜன்னலின் மேல் விளிம்பு, மேல்மூலைச் சிறு விளக்குகள், கூரைக் காற்றுப்போக்கி, வெயில்மறைப்பைத் தாங்கும் பிடிமானங்கள், சுவர்கள் சேரும் மூலைப் பட்டை. மூலைப் பட்டையில் திருகுகளை மறைக்கும் பிளாஸ்டிக் நாடாவை உருவிவிட்டு ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள். மரத்துக்குள் இருந்த பகுதி துருவேறியிருந்தால் நீர் இறங்கும் வழி அதுதான். பிடிப்பே இல்லாமல் வெறுமனே சுழன்றால் உள்ளே மரம் இற்றுவிட்டது.

இனி சிலிகான். ஒழுகுகிறதா, ஒரு குழாய் சிலிகானைப் பிதுக்கு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். எனக்குத் தெரிந்து இதைவிடக் கெடுதலானது வேறில்லை. பல வண்டிகளின் கூரையை மூடியிருக்கும் ரப்பர் விரிப்பில் அது சரியாக ஒட்டாது. விளிம்பில் உரிந்துகொண்டு நீரை உள்ளேயே தேக்கிவைக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலும் மிஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கின் மீது வேறு எந்தப் பசையும் நிற்காது, புதிய சிலிகான் உட்பட. முறையான வேலைக்கு நேரம் பிடிக்கும். பட்டையை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய பியூட்டில் நாடாவை (பிசுபிசுப்பான மெத்தென்ற ரப்பர் பட்டை) அடியில் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் இறுக்கவேண்டும். கூரையின் மேற்புற இணைப்புகளுக்கு ரப்பர் கூரைக்கென்றே விற்கும் தானாகச் சமன்படும் பூச்சு போதும். ரப்பரைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், பெட்ரோல் வகைத் திரவங்களைத் தொடவே கூடாது. பல கூரைகளில் உள்ள ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் உப்பிவிடும். ஜன்னல் சட்டத்தின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளையும் ஓட்டை என்று நினைத்துச் சிலர் அடைத்துவிடுகிறார்கள். நீர் வெளியேறவே அவற்றை வைத்திருக்கிறார்கள். அடைத்தால் அது சுவருக்குள்தான் போகும்.

ஓட்டையை அடைத்த மறுநாளே ஊறிய சுவரின் மேல் புதிய பலகை அடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கலாம். பலகையைக் கழற்றுங்கள், சுவருக்குள் இருக்கும் ஊறிய வெப்பத்தடுப்புப் பஞ்சைத் தூக்கி எறியுங்கள், மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்துக் காயவிடுங்கள். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். ஊசி முனையுள்ள ஈரமானி அதிக விலையில்லை. அது 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சுவரை மூடாதீர்கள். 15-க்குக் கீழே இறங்கினால் நிம்மதி. கண்ணாடியிழைச் சுவரில் கொப்புளம்போல் உப்பியிருந்தாலும் இதே கதைதான்: உள்ளே ஈரம் இருக்கும்போது துளையிட்டுப் பசை ஏற்றினால் அது ஒட்டாது.

மரத்தை வெட்டும்போது கருமித்தனம் கூடாது. திருப்புளி முனையால் குத்திக்கொண்டே போய், முனை இறங்காத உறுதியான இடம்வரை எடுக்கவேண்டும். அதற்குப் பதிலாக வைக்கும் மரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இனி இற்றுப்போகவே கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் ரசாயனம் ஏற்றிய பச்சை நிற மரத்தை வாங்குகிறார்கள். அதில் உள்ள செம்பு, ஈரம் பட்டால் அலுமினியத் தகட்டை அரித்துத் தின்னும். நன்கு உலர்ந்த சாதாரண மரமே போதும்; ஒழுகல் நின்றுவிட்டால் அது நெடுநாள் உழைக்கும்.

ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற டிரெய்லரை வாங்குகிறவர்கள், அலுமினிய வண்டிக்குத் தண்ணீரால் என்ன ஆகும் என்று அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். உடல் அலுமினியம், தரை பிளைவுட். 1970-களின் வண்டிகள் பலவற்றில் பின்பக்கத் தரை இற்று, கூடு அடிச்சட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. பின் பம்பர் மீது ஏறி நின்று மெதுவாக அமுக்குங்கள். பம்பர் இறங்கி, உடல் அசையாமல் நின்றால் விலகல் தொடங்கிவிட்டது. விலை பேசும் முன்பே இதைச் செய்து பார்க்கவேண்டும்.

எல்லாப் பழியையும் மழைமேல் போடவும் முடியாது. குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடிக்காமல் விட்டால், உறைந்த நீர் இணைப்புகளைப் பிளந்துவிடும். முகாம்களில் அழுத்தம் குறைக்கும் கருவி இல்லாமல் அங்குள்ள தண்ணீர்க் குழாயை வண்டியில் நேரடியாக மாட்டுவதும் ஆபத்து. வண்டியின் தண்ணீர் பம்பைப் போட்டு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் திறக்காமலே பம்பு அவ்வப்போது உறுமினால் எங்கோ கசிகிறது.

கடைசியாக, நிறுத்திவைத்த வண்டியை மூடும் நீல நிறத் தார்ப்பாய். அதை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே புழுங்கும், காற்றில் படபடத்துக் கூரையை உரசும். கொட்டகை கிடைக்காவிட்டால் காற்றோட்டமுள்ள உறை வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், கூரையில் நீர் தேங்காதபடி வண்டியின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். குளிர்காலத்துக்கு முன்னும் பின்னும் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.