டாப்னியாவின் குடல் பாக்டீரியா நானோ துகள் நச்சைத் தடுக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

நன்னீரில் வாழும் சிறு ஓட்டுடலியான (நீர்த்தெள்ளு) டாப்னியா மாக்னாவின் குடலில் லிம்னோஹாபிடன்ஸ் என்ற பாக்டீரியா மிகுதி. குடல் பாக்டீரியாவை நீக்கிவிட்டால் டாப்னியாவின் வளர்ச்சி குன்றும், குஞ்சுகளும் குறையும். இந்தச் சோதனையின் முக்கியமான சிக்கல் இதுதான். பாக்டீரியா இல்லாத டாப்னியா துத்தநாக ஆக்சைடு நானோ துகளில் சீக்கிரம் செத்தால், பாதுகாப்பு போனதால் செத்ததா, ஏற்கெனவே நலிந்திருந்ததால் செத்ததா? இரண்டையும் பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைக்க வேண்டும்.

நீர்: ஐ.எஸ்.ஓ. நீரே (நச்சுச் சோதனைக்கான தரப்படுத்திய செயற்கை நீர்) போதும். லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 294 மி.கி., மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 123.25 மி.கி., சோடியம் பைகார்பனேட் 64.75 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 5.75 மி.கி. டாப்னியா வளர்க்கும் எம்4, எம்7 ஊடகங்களில் ஈ.டி.டி.ஏ. என்ற உலோகம் பிடிக்கும் வேதிப்பொருள் உண்டு, அது துத்தநாக அயனியைப் பிடித்துவைத்து நச்சை மறைத்துவிடும். நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, இரவு முழுக்க மலட்டுக் காற்றேற்றுங்கள்.

கிருமியற்ற குஞ்சுகள்: தாய் டாப்னியாவின் குஞ்சுப்பையிலிருந்து, இட்டு ஒரு நாளுக்குள்ளான முட்டைகளை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் எடுங்கள். 0.01% குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் 10 நிமிடம் வைத்து, மலட்டு நீரில் மூன்று முறை அலசுங்கள். இது தொடக்க அளவுதான். குளோனுக்குக் குளோன் (ஒரே தாயிலிருந்து வந்த மரபொத்த வழி) மாறும் என்பதால், முட்டை பொரிவதையும் கிருமி அழிவதையும் ஒருசேரத் தரும் அளவை முதலில் தேடிக்கொள்ளுங்கள். குஞ்சு வந்ததும் ஒன்றிரண்டை நசுக்கி ஆர்2ஏ அகாரில் (நீர் பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம்) பூசுங்கள். அகாரில் வளராத பாக்டீரியாவும் உண்டு, அதனால் பாக்டீரியாவின் மரபணுவைத் தேடும் 16எஸ் பி.சி.ஆர். சோதனை கட்டாயம். உணவு கிருமியற்ற குளோரெல்லா மட்டும்.

இனிக் குழுக்களைப் பிரிக்க வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இது. 20 வளர்ந்த டாப்னியாக்களின் குடலை எடுத்து 1 மி.லி. மலட்டு நீரில் நசுக்குங்கள். ஒரு பாதியை அப்படியே கிருமியற்ற குஞ்சுகளுக்குக் கொடுங்கள். மறுபாதியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்துக் கொன்று இன்னொரு குழுவுக்குக் கொடுங்கள். பாக்டீரியாவின் மேற்பரப்பில் துகள் ஒட்டுவதற்கு உயிர் தேவையில்லை. செத்த பாக்டீரியா கொடுத்த குழுவும் தப்பினால், நடந்தது வெறும் ஒட்டுதலாகவோ, பாக்டீரியா உணவாகி உடம்பைத் தேற்றியதாகவோ இருக்கலாம். மூன்றாவது, எதுவும் கொடுக்காத கிருமியற்ற குழு. நான்காவது, குளுட்டரால்டிஹைடே படாத சாதாரண குழு. மருந்தால் வந்த சேதத்தை இது காட்டும்.

ஐந்தாவது குழுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாக்டீரியா குடலில் மட்டும் இருக்காது. கழிவோடு பீக்கர் நீருக்கும் வரும். அங்கேயே துகளைப் பிடித்துவிட்டால் குடலுக்கு அதில் பங்கில்லை. ஆகவே எல்லாக் குழுக்களையும் சோதனைக்கு முன் மலட்டு நீரில் மூன்று முறை அலசுங்கள். இந்த ஐந்தாவது குழுவில், கிருமியற்ற டாப்னியா இருக்கும் நீரில் துகளோடு சேர்த்து உயிருள்ள பாக்டீரியாவைக் கலந்துவிடுங்கள். எவ்வளவு கலப்பது என்பதை, முன்னோட்டத்தில் பாக்டீரியா ஊட்டிய குழுவின் நீரை அகாரில் பூசி எண்ணி முடிவு செய்யலாம்.

துகள் கலவை: 10 மி.கி. தூளை 100 மி.லி. தூய நீரில் போட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, புரோப் சோனிகேட்டரில் (மீயொலிக் கலக்கி) 10 நிமிடம் கலக்குங்கள். நேராக ஐ.எஸ்.ஓ. நீரில் கலக்கினால் கால்சியம் துகள்களைத் திரட்டிவிடும். கலவையை உடனே பயன்படுத்துங்கள். சற்று நேரம் விட்டாலும் துகள் அடியில் படியும், மேலே எடுப்பதும் கீழே எடுப்பதும் வேறு வேறு அளவாகிவிடும்.

முதலில் 0.1 முதல் 10 மி.கி./லி. வரை அகலமாகப் பாருங்கள். பிறகு குறைந்தது ஐந்து செறிவுகள். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல 2.2 மடங்குக்கு மேல் போக வேண்டாம். செறிவுக்கு 20 டாப்னியா, பீக்கருக்கு ஐந்து வீதம். வெப்பம் 20 டிகிரி, 16 மணி நேரம் வெளிச்சம், உணவு கிடையாது. மெல்ல அசைத்த பின் 15 நொடிக்குள் நீந்தாததை முடங்கியதாக எண்ணுங்கள், 24 மணியிலும் 48 மணியிலும். துகள் இல்லாத பீக்கரில் 10 விழுக்காட்டுக்கு மேல் முடங்கினால் அந்தச் சோதனை செல்லாது. ஓ.இ.சி.டி. அமைப்பின் 202 எண் டாப்னியா நச்சுச் சோதனை முறை 24 மணி நேரத்துக்குட்பட்ட குஞ்சுகளைக் கேட்கிறது. இங்கே பாக்டீரியா குடியேற நேரம் வேண்டும் என்பதால் எல்லாக் குழுவுக்கும் ஒரே வயதாக ஐந்து நாள் குஞ்சுகளை எடுங்கள். கிடைக்கும் எண்களை வெளி ஆய்வுகளோடு ஒப்பிடாமல், குழுக்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

துத்தநாக ஆக்சைடு நீரில் கரையும். 0, 24, 48 மணிகளில் நீரை துகளைத் தடுத்து அயனியை மட்டும் விடும் 3 கிலோடால்டன் மையவிலக்கு வடிகட்டியில் வடித்து, கரைந்த துத்தநாகத்தை ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற உலோகம் அளக்கும் கருவியில் அளந்து, அதே அளவு துத்தநாக குளோரைடு கொண்ட பீக்கர்களையும் ஓட்டுங்கள். அங்கும் அதே வித்தியாசம் தெரிந்தால் பாக்டீரியா சமாளித்தது அயனியை, துகளை அல்ல.

நலிவைத் தனியாகச் சோதிக்க எல்லாக் குழுக்களையும் சாதாரண உப்புக் கரைசலிலும் போடுங்கள். வழக்கமான ஒப்பீட்டுப் பொருளான பொட்டாசியம் டைகுரோமேட் இங்கே உதவாது. பல பாக்டீரியாக்கள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாகக் குறைத்து அதன் நச்சைத் தணித்துவிடும். உப்பிலும் கிருமியற்ற குழுவே முதலில் முடங்கினால், துகளில் கண்ட வித்தியாசத்தின் ஒரு பகுதியாவது வெறும் நலிவு. உப்பில் எல்லாம் ஒன்றுபோல நின்று, துகளில் மட்டும் உயிருள்ள குடல் பாக்டீரியா கொண்ட குழு தனித்துத் தப்பினால்தான் பாதுகாப்பு என்று எழுதலாம்.