தனியார் கூட்டில் விமான நிலையம்: கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் நிலத்தை முடியுங்கள். டெண்டர் பிறகுதான். நவி மும்பையில் சுமார் 1,160 ஹெக்டேரில் உல்வே குன்றை வெட்டித் தாழ்த்தி, ஆற்றைத் திருப்பி, உயரழுத்த மின்கம்பிகளை மாற்றி, ஊர்களுக்கு மறுகுடியமர்வும் செய்ய வேண்டியிருந்தது. 2017இல் ஏலம் முடிந்தும் பயணிகள் விமானம் ஏறியது 2025 டிசம்பரில்தான். நடுவில் உரிமை கைமாறியதும் உண்மை. ஆனாலும் நிலம் கைக்கு வராமல் காலக்கெடுவை ஓடவிட்டால், தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கு அரசின் மேல்தான் வரும். ஆகவே கையகப்படுத்தல், சுற்றுச்சூழல் அனுமதி, சாலை, தண்ணீர், மின்சாரம் ஒவ்வொன்றுக்கும் தேதியும் பொறுப்பாளரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அடுத்தது ஏலத்தை எதன் மேல் விடுவது. அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். டெல்லியில் 2006இல் மொத்த வருவாயில் 45.99 சதவீதத்தை அரசுத் தரப்புக்குத் தர ஒப்புக்கொண்டே ஏலம் எடுக்கப்பட்டது. மூன்றாம் முனையத்துக்கு நிதி பற்றாமல் போனபோது, 2009 மார்ச் முதல் உள்நாட்டுப் பயணியிடம் 200 ரூபாயும் வெளிநாடு செல்பவரிடம் 1,300 ரூபாயும் மேம்பாட்டுக் கட்டணமாக வாங்கினார்கள். வருவாய்ப் பங்கில் இன்னொரு சிக்கல்: கடை, சரக்கு, பார்க்கிங் குத்தகைகளை ஏலம் எடுத்த நிறுவனம் தன் துணை நிறுவனங்களுக்கே மலிவாகக் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்ட இடமுண்டு. பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று வைத்தால் தலையை எண்ணினால் போதும். 2019இல் டெல்லிக்கு அருகேயுள்ள ஜேவர் விமான நிலையம் பயணிக்கு 400.97 ரூபாய் என்று போனது அப்படித்தான். பயணிகள் குறைந்தால் அரசின் வரவும் குறையும்; அதற்குத் தயாராக இருங்கள்.

கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொள்ளளவில் 80 சதவீதம் நிரம்பியதும் அடுத்த கட்டம் தொடங்கும் என்று எழுதுங்கள். வருடக் கணக்கு வேண்டாம். வேலையைச் சரிபார்க்கும் சுயேச்சைப் பொறியாளரை இரு தரப்பும் ஏற்று நியமிக்கட்டும். வருமானம் முழுதும் எஸ்க்ரோ கணக்கில் (ஒப்பந்தப்படி மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) விழுந்து, வரி, இயக்கச் செலவு, அரசின் பங்கு, கடன் தவணை என்ற வரிசையில் பிரியட்டும்.

கடைசி ஆறு மாதம் ஒத்திகைக்கு. சுங்கம், குடியேற்றம், பாதுகாப்புப் படை ஆகிய மூன்றுக்கும் ஆட்களைத் தருவது அரசு. பணியிட ஒப்புதல் தாமதமானால் முனையம் பூட்டிக் கிடக்கும். ஓடுபாதைக் கருவிகளைச் சோதனை விமானம் பறந்து அளவிட்ட பிறகே உரிமம் கிடைக்கும். பெர்லினில் புகை வெளியேற்றும் அமைப்பு தேறாததால் 2012 ஜூன் திறப்பு, சில வாரங்களே இருந்தபோது ரத்தானது. திறந்தது 2020 அக்டோபரில். தீயணைப்பு, பெட்டிகளை நகர்த்தும் பெல்ட், மின்தடை ஒத்திகைகளை ஆயிரக்கணக்கான பெட்டிகளோடும் ஆட்களோடும் நடத்திப் பார்க்காமல் திறப்புத் தேதியை அறிவிக்காதீர்கள்.