ஏரிக்கரையில் காட்சிக் கோபுரம்: எல்லோரும் ஏறிப் பார்க்கும்படி அமைப்பது எப்படி?

பறவைகள் சரணாலயம் ஒன்றில் காட்சிக் கோபுரம் கட்டலாம் என்று பேச்செடுத்ததும் முதலில் எழும் கேள்வி, எத்தனை மீட்டர் உயரம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவரும், முழங்கால் வலியோடு வரும் பாட்டியும், இடுப்பில் குழந்தையைச் சுமந்து வரும் தாயும் ஒரே தளத்தில் இருந்து ஒரே கூட்டைப் பார்க்க வேண்டுமென்றால், உயரத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலையைக் கணக்கிடுவது எளிது. சாய்தளத்தின் சரிவு 1:12-ஐத் தாண்டக் கூடாது என்பதால், ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் தேவை. 75 சென்டிமீட்டர் ஏறியதும், கை ஓய்ந்து நிற்க ஒன்றரை மீட்டர் சமதளமும் வேண்டும். இப்படிப் பார்த்தால் 6 மீட்டர் உயரமுள்ள தளத்துக்கு, 9 மீட்டர் நீளத்தில் எட்டுத் துண்டுகளும் இடையே ஏழு சமதளங்களுமாக ஏறத்தாழ 83 மீட்டர் பாதை அமைக்க வேண்டும். டென்மார்க்கில் 2019-இல் திறக்கப்பட்ட கேம்ப் அட்வென்ச்சர் கோபுரம் 45 மீட்டர் உயரமுடையது. உச்சி வரை சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையே அதன் உடல். மரங்களின் உச்சிக்கு மேலே சென்று காட்டைப் பார்ப்பது அதன் நோக்கம் என்பதால் அத்தனை உயரம் அங்கே பொருந்துகிறது. வேடந்தாங்கல் போன்ற ஏரி வேறு வகை. சுமார் 30 ஹெக்டேர் பரப்பில், நீருக்குள் நிற்கும் மரங்களின் தலையிலேயே கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அமர்ந்திருக்க, கரையில் நின்றாலே பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

எனவே முதல் வேலையாக, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கைப்பேசியைக் கட்டி, உத்தேசித்த இடத்தில் 2, 4, 6 மீட்டர் உயரங்களில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஏரிகளில் இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் உள்ள வேறுபாடு, கூடுதலாகக் கட்ட வேண்டிய இருபத்தைந்து மீட்டர் சாய்தளத்துக்கு ஈடாகாது. தினைப்புனத்துப் பரணும் கிளி விரட்டத் தேவையான உயரத்துக்குத்தான் எழுந்தது.

ஏரிக்கரையே நம் முன்னோர் கட்டிவைத்த உயரம் என்பதையும் மறக்கக் கூடாது. கரை 4 மீட்டர் உயர்ந்திருந்தால், மாட்டுவண்டி ஏறும் பழைய சரிவைச் செப்பனிட்டு, அதன் மேல்மட்டத்திலிருந்து இன்னும் 2 மீட்டர் மட்டும் ஏறினால் போதும். சாய்தளம் மூன்றே துண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் கரையைத் தோண்டி அடித்தளம் போடுவது பெரும் பிழை. தோண்டிய இடத்தில் மண் இளகி நீர் கசியத் தொடங்கினால் பாதிக்கப்படுவது ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் வயல்கள்) முழுவதும். கோபுரத்தின் கால்களைக் கரையின் வெளிப்புறம், அடிவாரத்திலிருந்து போதிய தொலைவில் ஊன்றி, அங்கிருந்து கரை மட்டத்துக்குச் சிறு நடைபாலம் போடலாம். மதகுக்கும், மிகைநீர் வழியும் கலிங்குக்கும் அருகில் எதுவும் வேண்டாம். நீர்வளத்துறைப் பொறியாளரின் ஒப்புதலையும் வனத்துறையின் அனுமதியையும் வரைபடக் கட்டத்திலேயே பெறுங்கள். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பொருந்தும் இடங்களில், சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது.

பறவைகள் கூடு திரும்பும் மாலைக் காட்சியே முக்கியம் என்றால், நீருக்கு மேற்கே கோபுரம் அமையட்டும்; அப்போது சூரியன் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு அசையும் மனித உருவம் பறவைகளை வெருட்டும் என்பதால், பின்புறம் மரத்தோப்பு இருப்பது நல்லது. பறவைகள் மோதும் கண்ணாடித் தடுப்பும் இரவு விளக்கும் தேவையில்லை.

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் தளத்தின் விளிம்பிலுள்ள கைப்பிடிக் கம்பித் தடுப்பு. சாய்தளமெல்லாம் முறையாகக் கட்டிவிட்டு, கடைசியில் இங்கே எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறோம். ஒரு நாற்காலியைத் தளத்தில் போட்டு அமர்ந்து பாருங்கள்: அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 115 சென்டிமீட்டரில் இருக்கிறது, பாதுகாப்புக்காக வைக்கும் மேல்கம்பியும் பெரும்பாலும் அதே உயரத்தில்தான் ஓடுகிறது. நிற்பவர் ஏரியைப் பார்க்க, அமர்ந்திருப்பவர் கம்பியைப் பார்க்கிறார். மேல்கம்பியை 120 சென்டிமீட்டருக்கு உயர்த்தி, மெல்லியதாக்கி, அதன் கீழே 10 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் செங்குத்துக் கம்பிகளை நிறுத்தினால் பார்வையும் தடைபடாது, குழந்தைகள் கால்வைத்து ஏறவும் வழியிராது. பார்ப்பவர் பறவைகளின் கண்ணில் படாதபடி மறைப்புத் தட்டி வைக்கும் பக்கங்களில் பார்வைத் துளைகளை 90, 115, 150 சென்டிமீட்டர் என மூன்று உயரங்களில் திறக்க வேண்டும். தொலைநோக்கி வைக்கும் பலகையின் அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயர இடமும், சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெளியும் இருக்கட்டும். யாராவது நடந்தால் தளம் அதிர்ந்து தொலைநோக்கியில் பறவை துள்ளும். பலகையைத் தளத்தோடு இணைக்காமல் தனிக் காலில் நிறுத்தினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கட்டமைப்பைப் பொறியாளரே கணக்கிட வேண்டும். கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கூட்டம் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ சுமையைக் கொள்ளுங்கள். சென்னைப் பகுதிக்குக் காற்றின் அடிப்படை வேகம், அதாவது கட்டட வடிவமைப்பில் கணக்கில் கொள்ளும் வேகம், நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் அடைத்த பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 150 கிலோ அழுத்தம் விழும். 2018-இல் கஜா புயல் கரையேறிய வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. தட்டிகளைப் புயலுக்கு முன் கழற்றிவிடும்படி கொக்கியில் மாட்டுவது அறிவுடைமை.

பொருளைப் பொறுத்தவரை, துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தைப் பற்றவைக்காமல் போல்ட்டுகளால் முடுக்குவதே என் தேர்வு. ஏரியின் நிலைமை மாறினால் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம். தளத்துக்குத் தேக்குப் பலகை போதும்; நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஊன்றுகோல் சிக்காதபடி ஒரு சென்டிமீட்டருக்குள் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். மரம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது, கரையான் காத்திருக்கிறது. கூரைக்குப் பனங்கை சிறந்தது என்றாலும், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமாதலால், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைப்பதை வாங்குங்கள். தட்டிக்குப் பனையோலையும் சீமைக்கருவேலங் கழியும் போதும்; ஆண்டுதோறும் மாற்றும் வேலை ஊராருக்கே கிடைக்கும்.

கட்டுமானத்தை ஏரி வற்றி, கூடுகள் காலியான பிறகே தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் போல்ட்டுகளை முடுக்கி, சாய்தளத்தில் படிந்த பறவை எச்சத்தைத் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு கழுவ வேண்டும். ஈரமான எச்சத்தின் மேல் சக்கரமும் காலும் வழுக்கும், துத்தநாகப் பூச்சும் அதனால் அரிக்கப்படும்.