குழந்தைகளின் பிறவிக் குறைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்புள் புடைப்பின்மேல் காசு வைத்துக் கட்டுவது

கட்டாதீர்கள். தோல்தான் புண்ணாகும். பெரும்பாலான புடைப்புகள் 4, 5 வயதுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

காமாலைக் குழந்தையை வெயிலில் காட்டியே நாளைக் கடத்துவது

முதல் வாரக் காமாலை பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் மூன்றாவது வாரத்திலும் கண் மஞ்சளாக இருக்கும் குழந்தையை, “பால் நல்லாக் குடிக்குதே, எடை ஏறுதே” என்று விட்டுவிடுகிறார்கள். பித்தநாளம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) அடைபட்ட குழந்தையும் முதல் சில வாரங்கள் கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது யாராவது கவனித்தால் உண்டு. அப்போதும் ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ என்றால் கல்லீரல் தழும்பேறிக்கொண்டே போகும்.

இதற்கான அறுவை சிகிச்சையை ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கினார். கெட்டுப்போன பித்தநாளத்தை அகற்றிவிட்டு, சிறுகுடலை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு நேரடியாகத் தைப்பார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடிய நல்ல வாய்ப்பு உண்டு. 90 நாள் தாண்டினால் அது வெகுவாகக் குறையும். கல்லீரல் மாற்று ஒன்றே வழி என்றாகிவிடலாம்.

மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ பயமில்லை. சுண்ணாம்பு நிறமோ வெளிறிய களிமண் நிறமோ ஆபத்து. மேலே மஞ்சள் பூசினாற்போல் இருந்தாலும் பிரித்தால் உள்ளே வெளுத்திருக்கலாம். பச்சிளம் குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை விட்டால் அதுவும் அறிகுறி.

14 நாள் தாண்டிய காமாலைக்கு ரத்தத்தில் மொத்த பிலிரூபினை (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருளை) மட்டும் பார்த்து, “7தான், குறைஞ்சிடுச்சு” என்று அனுப்பிவைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. டைரக்ட் பிலிரூபினையும் (அதில் கல்லீரல் பதப்படுத்தி, பித்தத்தோடு வெளியேற வேண்டிய பகுதியையும்) கேட்டு வாங்குங்கள். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் வெயிலாலும் நீல விளக்காலும் பயனில்லை. அவை குறைப்பது இன்னொரு வகை பிலிரூபினை. ஸ்கேனில் பித்தப்பை தெரிகிறது என்ற ஒரு வரியை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. அந்த வாரமே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

இடுப்பு மடிப்பு வீக்கத்தைத் தொப்புள் புடைப்புபோல் நினைப்பது

இந்தக் குடலிறக்கம் தானாக மூடாது. அழும்போது புடைத்துத் தூங்கும்போது மறையும் வீக்கம், மறையாமல் கெட்டிப்பட்டால் அவசரம்.

விரை இறங்கும் என்று காத்திருப்பது

6 மாதம் வரை சரி. 18 மாதத்துக்குள் அறுவை முடிந்திருக்க வேண்டும்.

சிறுநீர்த் துளை கீழ்ப்புறம் இருந்தும் சுன்னத் செய்வது

வேண்டாம். துளையைச் சரிசெய்ய அந்த முன்தோல் தேவைப்படும்.

பச்சை வாந்திக்குக் கிரைப் வாட்டர்

குடல் முறுக்கியிருந்தால் சில மணி நேரத்தில் அழுகும். பாலை நிறுத்திவிட்டு, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.